லட்சங்கள் ஓடிய டீசல் பிக்கப்: எப்போது கைமாற்றுவது?

"வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. வைத்திருக்கலாமா, கொடுத்துவிடலாமா?" லோடு வண்டித் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எப்போது கேட்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் வண்டி பட்டறையில் நிற்கும்போதுதான். கிளட்ச் தீய்ந்திருக்கும், கையில் பணம் இருக்காது, மறுநாள் லோடு காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எடுப்பது கோபத்தில் எடுக்கும் முடிவு. வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு இது.

என்னிடம் இரண்டு பிக்கப் இருக்கின்றன. ஒன்று நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றுகிறது. மற்றது ஒட்டன்சத்திரத்திலிருந்து பரவைக்கும் மாட்டுத்தாவணிக்கும் காய்கறி கொண்டுவருகிறது. இதற்கு முன் நான்கு வண்டிகளைக் கைமாற்றியிருக்கிறேன். அவற்றில் ஒன்றை அவசரப்பட்டு 1,80,000 கிலோமீட்டரிலேயே விற்றேன். அது அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் மேலூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிக்கொண்டு என் கண்ணெதிரே ஓடியது. எதிரே வரும்போதெல்லாம் அதன் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கையசைப்பார். எனக்கு வயிறு எரியும். இன்னொன்றைப் பாசத்தில் அளவுக்கு மீறி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பிக்கப்புக்கு அது பொருந்தாது. ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை, கட்டியிழுத்து வரும் வண்டிக்கு வேறு விலை. இரண்டுக்கும் இடையில் ஒரு லட்சம் ரூபாய் காணாமல் போவதை நேரில் பார்த்தவன் நான்.

படி 1: நோட்டுப் போடுங்கள்

இருபது ரூபாய் நோட்டு போதும். கைப்பேசியில் எழுதுகிறேன் என்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு டேஷ்போர்டில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் நோட்டில்தான் நம்பிக்கை. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் தேதி, மீட்டர் அளவு, எத்தனை லிட்டர் என்று எழுத வேண்டும். டேங்கை நிரப்பி, மறுமுறையும் நிரப்பினால்தான் மைலேஜ் சரியாக வரும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் போட்டுக்கொண்டே போனால் ஒன்றும் தெரியாது.

ரிப்பேர் செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஆயில், ஃபில்டர், கிரீஸ், டயர் ஆகியவை ஒரு பக்கம். இவை புது வண்டிக்கும் உண்டு என்பதால் நம் முடிவில் இவற்றுக்கு வேலையில்லை. கிளட்ச், நாசில் (என்ஜினுக்குள் டீசலைத் தெளிப்பது), டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட் செய்வது), ஸ்பிரிங் பட்டை, கிராஸ் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பு), பேரிங் ஆகியவை மறுபக்கம். வண்டியின் வயதைச் சொல்வது இந்தப் பக்கம்தான்.

மூன்றாவதாக ஒன்றை எழுத வேண்டும். பலரும் அதை எழுதுவதில்லை: வண்டி ஓடாமல் நின்ற நாட்கள். பட்டறையில் இரண்டு நாள், உதிரிபாகத்துக்காகக் காத்திருந்தது ஒரு நாள், அதற்குள் வேறு வண்டி வாடகைக்குப் பிடித்த செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். ரிப்பேர் பில்லைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நின்ற நாளின் இழப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பூ, பால், மீன் ஏற்றுகிறவர்களுக்கு நின்ற நாள்தான் பெரிய செலவு. அதிகாலையில் பறிக்கும் மல்லிகை மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும். அது உங்கள் டர்போவுக்காகக் காத்திருக்காது. செங்கல், ஜல்லி ஏற்றுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை, நாளைக்கு ஏற்றிக்கொள்வார். ஆகவே ஒரே வயதுடைய வண்டியைச் செங்கல்காரர் இன்னும் இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளலாம், பூக்காரர் வைத்துக்கொள்ளக் கூடாது.

படி 2: மீட்டர் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்

நான்குவழிச் சாலையில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் சீராக ஓடிய 3 லட்சம் வேறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்கிய 2 லட்சம் வேறு. மலையில் கிளட்ச்சும் பிரேக்கும் தேய்கின்றன; இரண்டாம் கியரில் முழு லோடோடு முனகி ஏறும் என்ஜின் அதிக நேரம் சூட்டிலேயே இருக்கிறது. ஊருக்குள் கேன் தண்ணீரும் கேஸ் சிலிண்டரும் போடும் வண்டியின் மீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் நாளெல்லாம் ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து அதன் என்ஜின் ஓடிய நேரம் மிக அதிகமாக இருக்கும்.

கடற்கரை ஓட்டம் தனி ரகம். ராமேஸ்வரம் பக்கமிருந்து மீன் ஏற்றிய வண்டிக்கு என்ஜின் நன்றாக இருந்தாலும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஐஸ் உருகி வழியும் உப்புநீர் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். கீழே படுத்து, பின்பக்க ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல இரும்பு. பொத்தென்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால் அன்றே விற்கும் யோசனையைத் தொடங்குங்கள். என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், கதவைக்கூட மாற்றலாம். சேஸிஸ் துருப்பிடித்த வண்டியில் போடும் காசு கிணற்றில் போட்டது மாதிரிதான்.

படி 3: விடியற்காலையில் வண்டியைப் பரிசோதியுங்கள்

இரவெல்லாம் நின்று குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது. ஏற்கெனவே ஓடிச் சூடாகி வந்த வண்டியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாங்கும்போதும் இதே விதிதான்.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டோ (என்ஜின் தலைப்பகுதியில் கசிவை அடைக்கும் தகடு) ஆயில் கூலரோ போயிருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய் நின்று புகையைக் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கரும்புகை கக்கினால் காற்று குறைகிறது அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், நாசில், டர்போ குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ இவற்றில் ஒன்று போயிருக்கும். வெண்புகை குளிரில் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தாலோ, ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே கசிகிறது. அதோடு 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கிறது என்றால் என்ஜினைக் கழற்றி வேலை பார்க்கும் நாள் தூரத்தில் இல்லை.

நாசில் பரிசோதனையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். நான்கு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை ஒரு கம்பியில் வரிசையாகக் கட்டி, ஒவ்வொரு நாசிலிலும் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் குழாயைக் கழற்றி, மெல்லிய ட்யூபில் ஒரு பாட்டிலுக்கு ஒன்றாக இறக்கினார். என்ஜினைச் சும்மா ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் டீசல் அடியில் ஒரு விரல் அளவு தேங்கி நின்றது. இரண்டாவது பாட்டில் மட்டும் கழுத்து வரை ஏறி, வழியப் பார்த்தது. "தம்பி, நான்கையும் மாற்றச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தால் பணம் கொடுக்காதே. குடிகாரன் இவன் ஒருவன்தான்" என்றார். அன்றைக்கு மிச்சமான பணத்தை இன்றும் மறக்கவில்லை. நாசில் சரியில்லை என்று யார் சொன்னாலும், இந்தப் பாட்டில் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது முழு லோடோடு ஓட்டுங்கள். காலி வண்டியில் கிளட்ச் நழுவுவது தெரியாது. ஏற்றத்தில் நான்காம் கியரில் மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சின் பற்சக்கரங்களான கிரவுன் பினியனைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கதை

வைகாசி முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் அதிகாலை. வண்டி நிறைய மல்லிகை. 3,60,000 ஓடிய வண்டி. என் தந்தையார் கையால் பூஜை போட்டது என்பதால் விற்க மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே மெக்கானிக் டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டி, "ஆட்டம் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். முகூர்த்தம் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

வாடிப்பட்டி நெருங்கும்போது பின்னால் சுவர் எழுப்பினாற்போல் புகை. என்ஜின் தானாக வேகமெடுத்து அலறியது. ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்தார், நிற்கவில்லை. டர்போ சீல் உடைந்து என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்கும்போது டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. நல்ல வேளையாக அவர் பழைய ஆள். டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சைப் பட்டென்று விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. இதைப் படிக்கும் புதியவர்கள் இந்த ஒரு உத்தியையாவது உங்கள் ஓட்டுநருக்குச் சொல்லிவையுங்கள்.

மாற்று வண்டி வந்து பூவை ஏற்றி மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது, விலை போய்விட்டது. வியாபாரியிடம் கைகட்டி நின்றேன். பிறகு டர்போவோடு என்ஜினையும் இறக்கி வேலை பார்த்ததில் 1,10,000 ரூபாய். மூன்று மாதம் கழித்து விற்றபோது அந்தச் செலவில் பாதியைக்கூட விலையில் காணவில்லை. வாங்க வந்தவருக்கு அது வெறும் "பத்து வருட வண்டி". ரிப்பேருக்குப் போட்ட பணம் வண்டியை ஓடவைக்கும். விலையாகத் திரும்பி வராது. ஆகவே பெரிய வேலை பார்த்தால், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டாவது வைத்து ஓட்டும் எண்ணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலைக்கு முன்பே விற்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

படி 4: ஒரு பக்கத்தில் கணக்கு

இப்போது நோட்டுக்கு வேலை. கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 4,000 கிலோமீட்டர், ஆண்டுக்கு 48,000. கடந்த 12 மாதத்தில் கிளட்ச் 14,000, நாசில் வேலை 22,000, டர்போ 28,000, கிராஸும் பேரிங்கும் 6,000, ரேடியேட்டர் 9,000, செல்ஃப் 5,000, ஸ்பிரிங் பட்டை 8,000. மொத்தம் 92,000. நின்ற நாட்கள் 19. நாளுக்குக் கையில் நிற்கும் வருமானம் 1,500 என்றால் 28,500. மைலேஜ் 13இலிருந்து 11.5க்கு இறங்கியிருக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 480 லிட்டர் கூடுதல், லிட்டர் 93 என்றால் சுமார் 44,800. கூட்டினால் 1,65,300. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 44 காசு, மாதத்துக்கு 13,800 அளவில் வரும். இதோடு இந்த ஆண்டில் வண்டியின் சந்தை விலை 3 லட்சத்திலிருந்து 2,30,000க்கு இறங்கும் என்றால், மாதம் இன்னொரு 5,800. ஆக 19,600. பழைய வண்டி "இலவசமாக" ஓடவில்லை என்பது இப்போது தெரிகிறதா?

மறுபக்கம் புது வண்டி. சாலைக்கு வர 11 லட்சம். பழையதை 3 லட்சத்துக்குக் கொடுத்து, 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 48 மாதம். தவணை 20,700 அளவில். இதைப் பார்த்ததும் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் தவணை முழுவதும் செலவு இல்லை. அதில் ஒரு பகுதி வண்டி என்ற சொத்தாக உங்களிடமே நிற்கிறது. நான்கு ஆண்டு கழித்து அந்த வண்டி 6 லட்சத்துக்குப் போகும் என்றால், விலைக் குறைவு 5 லட்சம், மாதம் 10,400. வட்டி மொத்தம் 1,92,000, மாதம் 4,000. கூடுதல் இன்சூரன்ஸ் 1,500, சில்லறை வேலை 1,500. ஆக 17,400.

17,400க்கும் 19,600க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி ஆள் இப்போது கைமாற்றும் கட்டத்தைத் தொட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் செலவுக் கணக்கு வேறு, கையில் புரளும் பணத்தின் கணக்கு வேறு. ரிப்பேரைத் தள்ளிப்போடலாம், கடன் சொல்லலாம். தவணை 5ஆம் தேதி வந்தே தீரும். மார்கழிப் பனியில் பூ வரத்து சரிந்து லோடு பாதியாகும் மாதத்திலும் வரும். ஆகவே உங்கள் ஆண்டின் மிக மோசமான மாதத்தில் 20,700 கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கணக்கு என்ன சொன்னாலும், பழையதை வைத்துக்கொண்டு முன்பணத்தைச் சேருங்கள்.

மைலேஜ் குறைவு பற்றி ஒரு வார்த்தை. அந்த 44,800ஐ வண்டியின் வயதின் மேல் போடுவதற்கு முன்னால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், இறுகிப் பிடிக்கும் பிரேக், ஓட்டுநரின் கால் இவை நான்கையும் பாருங்கள். நான்காவதுதான் கஷ்டம்.

மாதம் 1,500 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அந்தத் தவணை கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 14 ரூபாய் ஆகிவிடும். பழைய வண்டியே ஓடட்டும்.

படி 5: நாள் குறியுங்கள்

வண்டி கெடும் நாளை நீங்கள் குறிக்க முடியாது. விற்கும் நாளைக் குறிக்கலாம். வாடகைப் பதிவு உள்ள வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எஃப்சி என்றால் அலுவலகக் கட்டணம் மட்டுமில்லை. டிங்கரிங், பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர், லைட், பிரேக் வேலை என்று ஒரு வாரமும் கணிசமான பணமும் போகும். வயதேறிய வண்டிகளுக்குக் கட்டணமும் ஏறுகிறது. ஆகவே 8ஆம் ஆண்டு எஃப்சிக்கு நான்கு மாதம் முன்பு உங்கள் முதல் முடிவு நாளை வையுங்கள். நல்ல வண்டியானால் 10ஆம் ஆண்டில் மறுபடி ஒன்று. எஃப்சியும் இன்சூரன்ஸும் சில மாதமாவது மிச்சமிருக்கும் வண்டிக்குத்தான் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் மரியாதை. இரண்டும் முடிந்த வண்டிக்குச் செலவாகப்போவதை இரண்டு மடங்காகச் சொல்லிக் கழிப்பார்கள்.

12ஆம் ஆண்டு இன்னொரு எல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். 12 ஆண்டு தாண்டினால் இத்தகைய வண்டிக்கு நேஷனல் பெர்மிட் கிடையாது. கேரளாவுக்குக் காய் ஏற்றுகிறவர் உங்களிடம் வாங்க வரமாட்டார். வாங்குபவர் வட்டம் சுருங்கிவிடும். டெல்லியில் 10 ஆண்டு டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டைச் சொல்லி இங்கே சிலர் பயமுறுத்தி விலை குறைப்பார்கள். அந்த உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும்தான், உசிலம்பட்டிக்கு இல்லை.

புது வண்டியின் விலை பழையதன் விலையையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 10 லட்ச ரூபாய் வண்டியில் அது ஏறக்குறைய 78,000 ரூபாய். அதற்கு முன்பு கேள்விப்பட்ட பழைய வண்டி விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று பேரம் பேசினால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

ஆடியில் நம் ஊரில் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள். எனக்கு அதுதான் பேரத்துக்கு ஏற்ற மாதம். ஆடியில் விலை பேசி முன்பணம் கட்டி, ஆவணியில் வண்டியை எடுத்து நேரே பாண்டி கோவிலுக்கு விட்டுவிடுவேன். வீட்டில் பெரியவர்களுக்கும் மனக்குறை இல்லை. பழையதை விற்க ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்கள் நல்லவை. டிசம்பர் தள்ளுபடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜனவரியில் பதிவு செய்தாலும் ஆர்சியில் (பதிவுச் சான்று) தயாரிப்பு ஆண்டு முந்தையதாகவே இருக்கும். நீங்கள் விற்கும்போது ஒரு வயது கூட்டித்தான் விலை கேட்பார்கள். தள்ளுபடி அதற்கு ஈடாகிறதா என்று பாருங்கள்.

எந்த வண்டிக்கு மாறுவது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான புதிய விதி) டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது சுத்தமாக வண்டி அவ்வப்போது சீராக, சூடாக ஓட வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிரச்சினையில்லை. கீழவாசலுக்கும் மாசி வீதிக்கும் நடுவில் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கெரியும். அப்படிப்பட்டவர்கள் நல்ல நிலையில் இருக்கும் பழைய பிஎஸ்4 வண்டியை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

படி 6: கொடுக்கும்போது

எங்கே கொடுப்பது? ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் விலை குறைவு, தலைவலியும் குறைவு. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தருவதையும் பழைய வண்டிக்குப் போடும் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைப்பது பழைய வித்தை. கன்சல்டிங்கில் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஓட்டுபவருக்கே நேரடியாக விற்றால் இன்னும் கூடுதல், ஆனால் மாதக்கணக்கில் ஆட்கள் வந்து டயரை உதைத்துவிட்டுப் போவார்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மெக்கானிக்கிடம் கேட்காமல் விற்காதீர்கள். அவருக்கு வாங்கும் ஆள் தெரியும்.

விற்பதற்கு முன் பெரிய செலவு செய்யாதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். கழுவி, உள்ளே துடைத்து, லைட்டும் ஹாரனும் சரிசெய்தால் போதும். தேய்ந்த பெடல் ரப்பரை மாற்றி, மீட்டரைக் குறைத்துக் காட்டும் வேலையில் இறங்க வேண்டாம். வாங்குபவர் முதலில் பார்ப்பதே பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கின் தேய்மானமும்தான். மாறாக, அந்த இருபது ரூபாய் நோட்டைக் கொடுங்கள். என் கடைசி வண்டியை வாங்கியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேரத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காகித வேலையில் சோம்பல் கூடாது. கடன் முடிந்திருந்தால் பைனான்ஸிலிருந்து என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம் வாங்கி ஆர்சியில் கடன் பதிவை நீக்குங்கள். நிலுவை அபராதங்களைக் கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "அவர் மாற்றிக்கொள்வார்" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் தேதி, மணி, மீட்டர் அளவு எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரின் ஆதார் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். மணியை எழுதுவது முக்கியம். காலை 10 மணிக்கு நீங்கள் கொடுத்த வண்டி அன்று மதியமே எங்காவது மோதினால், அப்போது வண்டி உங்கள் கையில் இல்லை என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. கண்ணாடியிலிருந்து ஃபாஸ்டேகைக் கழற்றி, வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். போன முறை நான் மறந்துவிட்டேன். விற்று இரண்டு நாள் கழித்து, இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, கப்பலூர் சுங்கச்சாவடியில் பணம் கழிந்ததாகக் கைப்பேசி மணியடித்தது.